சிறை வாசலில் ஒரு வாய்

நான் முதன்முதலாகப் பன்றி இறைச்சி தின்றது ஒரு சிறைச்சாலையின் வாசலில். எதிரே நின்ற காவலர் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் விழுங்கிவிட்டேன் என்று நிச்சயமான பிறகுதான் "ஹரி, ஹரி" என்று, சிங்களத்தில் சரி என்று, தலையாட்டினார். சைவக் குடும்பத்தில் பிறந்து, ஐம்பது தாண்டும்வரை ஆட்டிறைச்சிக்கு மேலே போகாதவள் நான். எனக்கு இந்த ஞானஸ்நானம் அங்கேதான் கிடைக்கவேண்டும் என்று இருந்திருக்கிறது.

இத்தனைக்கும் சிறைச்சாலை எனக்குப் புதிய விஷயமில்லை. வெள்ளவத்தையில், காலி வீதியோடு இருக்கிற ஒரு தனியார் நிலையத்தில் குற்றவியல் டிப்ளோமா வகுப்புக்கு வருடக்கணக்காகப் படிப்பிக்கிறேன். சனி, ஞாயிறு காலையில், தமிழ் மொழிமூலம். 'தண்டனையின் நோக்கங்கள்' என்னுடைய பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன்: செய்த பிழைக்குப் பதில் கொடுப்பது, மற்றவர்களைப் பயங்காட்டித் தடுப்பது, ஆபத்தான ஆளை அடைத்து வைப்பது, அடைத்து வைத்தவரைத் திருத்தி அனுப்புவது. இந்த நான்கையும் வெள்ளைப் பலகையில் நான்கு நிறத்தில் எழுதுவேன். திருத்தி அனுப்புவதற்குப் பச்சை. இவ்வளவும் படிப்பித்த நான் ஒரு சிறைச்சாலையின் கேற்றைக்கூடக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை. நீந்தத் தெரியாமலே நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவர்கள் என்னைப்போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். எங்களுக்குச் சம்பளமும் தருகிறார்கள்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தொடர்மாடியில் என் கதவுக்கு நேரெதிரே இருக்கிறது அந்த அக்காவின் கதவு. கணவர் போனபிறகு, கத்தோலிக்கக் கோயிலில் முதல் நன்மை வாங்குகிற பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்துத் தன் ஒரே மகனை ஆளாக்கியவர். மகன் ஹெந்தளைப் பக்கம் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். கலியாணப் பேச்சு நடக்கிற வயது. படிக்கட்டில் கண்டால் என் கையிலுள்ள மரக்கறிப் பையைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு மேலே ஏறுகிற பிள்ளை. நான் தம்பி என்றுதான் கூப்பிடுவேன்.

ஒரு நாள் களஞ்சியத்திலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. களஞ்சியப் பூட்டின் திறப்பு மூன்று பேரிடம் இருந்தது. ஒருவர் முதலாளியின் மச்சான். அவரைச் சந்தேகிப்பது மரியாதை இல்லை. இன்னொருவன் சாரதி, அவன் அடுத்த நாளே தொலைபேசியை நிறுத்திவிட்டு எங்கோ போய்விட்டான். மிஞ்சியவன் வழமைபோல நேரத்துக்கு வேலைக்கு வந்தான். நேரத்துக்கு வந்த குற்றத்துக்காக அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று பின்னேரம் அக்கா என் கதவைத் தட்டவில்லை, குத்தினார். "டீச்சர், நீங்க சட்டம் படிப்பிக்கிறீங்கதானே? இப்ப என்ன செய்யோணும், சொல்லுங்க!"

நான் சட்டத்தரணி இல்லை, நோக்கங்கள் மட்டும்தான் எனக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது? செருப்பை மாட்டிக்கொண்டு கூடப் போனேன். பொலிஸ் நிலையம், பிறகு நீதிமன்றம், பிறகு ஒரு சட்டத்தரணி. பிணை கிடைக்கவில்லை. வெளியே விட்டால் சாட்சிகளைக் குழப்புவான் என்று பொலிஸ் சொன்னது. சாட்சி என்று சொல்ல இருந்தது முதலாளியும் அவருடைய மச்சானும்தான். அவர்களைக் குழப்ப இந்தப் பிள்ளையால் முடியுமா என்று நீதவான் கேட்கவில்லை. தம்பியை விளக்கமறியலில் வைத்தார்கள்.

விளக்கமறியல் தண்டனை இல்லை. இதை நான் ஒவ்வொரு வருடமும் வகுப்பில் அழுத்திச் சொல்வேன். விசாரணை முடியாதவர், குற்றம் நிரூபிக்கப்படாதவர், சட்டத்தின் கண்ணில் அப்பாவி. ஆகையால் அவருக்குச் சில சலுகைகள் உண்டு. சொந்த உடுப்பு உடுக்கலாம், வீட்டுச் சாப்பாடு எடுப்பிக்கலாம். தீர்ப்பு வந்து குற்றவாளி என்றாகிவிட்டால் சிறை உடுப்பு, சிறைச் சாப்பாடு. அக்கா இந்த முழுப் பாடத்திலிருந்தும் ஒரே ஒரு வரியை எடுத்துப் பிடித்துக்கொண்டார்: தீர்ப்பு வராத வரைக்கும் என்ட பிள்ளைக்கு என்ட கையால சோறு.

அதனால்தான் வழக்குக்குத் தவணை போடும்போதெல்லாம் மற்றத் தாய்மார் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார, எங்கள் அக்கா மட்டும் முகம் மலர்ந்து எழுந்து வருவார். நேரே கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போய் ஒரு மெழுகுதிரி. "தள்ளிப் போச்சு டீச்சர். இன்னும் அவன் கள்ளன் இல்லை." காணாமல் போனதையெல்லாம் கண்டுபிடித்துத் தருகிற அந்தப் புனிதரிடம், எதையும் கண்டுபிடிக்கவேண்டாம், இப்படியே இழுபட்டால் போதும் என்று மன்றாடிய ஒரே ஆள் இவராகத்தான் இருப்பார்.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. வாசலில் ஒரு வழக்கம். கொண்டுவந்த பார்சலைக் காவலர் திறந்து, கரண்டியால் கிளறி, முட்டையை இரண்டாக வெட்டிப் பார்ப்பார். அதோடு முடியாது. கொண்டுவந்தவரே எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்து அவர் கண்ணுக்கு முன்னால் சாப்பிட வேண்டும். "அம்மே, காலா பென்னன்ன." சாப்பிட்டுக் காட்டுங்கள் அம்மா. நஞ்சு கிஞ்சு வைத்திருக்கக்கூடாது அல்லவா? உள்ளே இருக்கிறவரை அரசாங்கம் அவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்கிறது.

தம்பிக்கோ பன்றிக் கறி என்றால் உயிர். மிளகு தூக்கலாக, கொறுக்காய்ப் புளி போட்டு, கறுக்க வறட்டி எடுக்கிற கறி. முதல் சந்திப்பிலேயே கம்பிவலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் கேட்டது அதைத்தான். அதற்குள் சாம்பல் புதன் வந்துவிட்டது. தவக்காலம் முழுவதும், உயிர்த்த ஞாயிறு வரைக்கும், இறைச்சி வாயில் வைப்பதில்லை என்பது அக்கா வருடாவருடம் காக்கிற ஒறுத்தல். இந்த முறை அதை நேர்த்திக்கடனாகவும் வைத்துவிட்டார்: என்ட பிள்ளை கள்ளன் இல்லையென்று உண்மை வெளிய வரோணும், அதுவரைக்கும் ஒரு துண்டு இறைச்சி தொடமாட்டன்.

ஆக, சமைக்கலாம், சாப்பிட முடியாது. சாப்பிடாவிட்டால் பார்சல் உள்ளே போகாது. அக்கா காவலரிடம் தன் சிங்களத்தில் தவக்காலத்தை விளக்கிப் பார்த்தார். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கறியை விரலால் காட்டினார். பின்னால் வரிசை முணுமுணுக்கத் தொடங்கியது. அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

"டீச்சர்... ஒரு சின்னத் துண்டு."

அப்படித்தான் நான் விரிவுரையாளர் பதவியோடு சேர்த்து இன்னொரு பதவியும் ஏற்றேன். வாரத்தில் இரண்டு நாள் அக்காவோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய், வெயிலில் வரிசை நின்று, அந்தப் பிள்ளைக்காகப் பன்றி தின்றேன். வெள்ளிக்கிழமை எனக்கு மச்ச மாமிசம் இல்லை. நல்லகாலம், எங்கள் முறை வெள்ளியில் விழவில்லை. வாசலைவிட்டு வந்ததும் அக்காவின் முதல் கேள்வி பிள்ளையைப் பற்றி அல்ல. "உப்புக் காணுமா? அளவாப் போட்டிருக்கிறனா?" ருசி பார்க்காமல் சமைத்த மனுசி, பாவம், வேறு என்ன கேட்பார்? உப்புக் கூட, கொஞ்சம் கரிக்கிறது என்று நான் ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். கொட்டாஞ்சேனை வரும்வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தார். அடுத்த முறையிலிருந்து எப்போதும் அளவாக இருக்கிறது என்றே சொன்னேன்.

இது நடந்துகொண்டிருந்த நாட்களில் நான் வகுப்பில் அதே பாடத்துக்கு வந்து சேர்ந்தேன். நான்கு நிறப் பேனைகள், நான்கு நோக்கங்கள். கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் வேலை செய்கிற ஒரு பெண், கேள்வி கேட்பதற்கென்றே முன்வரிசையில் இருப்பவள், கையை உயர்த்தினாள்.

"டீச்சர், விளக்கமறியல் இந்த நாலில எதுக்குள்ள வருது?"

"எதுக்குள்ளயும் வராது. அது தண்டனை இல்லைத்தானே."

"அப்ப என்னத்துக்கு டீச்சர் உள்ள வைக்கிறாங்க?"

முன்பென்றால் விசாரணைக்கு ஆள் தப்பிப் போகாமல் இருக்க என்று பட்டென்று சொல்லியிருப்பேன். அன்று பன்றிக் கறியின் மிளகு நெஞ்சில் நின்றது. "அது சோதனைப் பேப்பரில வராது" என்றேன். எல்லாருக்கும் நிம்மதி. அவள் மட்டும் பேனையைக் கடித்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தாள்.

உண்மையில் வாசலில் நின்று பார்த்தபோது நான்கும் நடந்துகொண்டுதான் இருந்தன. ஆள்தான் மாறியிருந்தது. பதில் கொடுக்கப்பட்டது தாய்க்கு. பயங்காட்டப்பட்டது எங்கள் தொடர்மாடிக்கு. கீழ்வீட்டுக்காரர் அக்காவைக் கண்டால் கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தார். கலியாணப் பேச்சு சத்தமில்லாமல் நின்றுபோனது. அடைக்கப்பட்டது யாருக்கும் ஆபத்தில்லாத பிள்ளை. திருந்தியது நான் ஒருத்திதான், அதுவும் சாப்பாட்டு விஷயத்தில்.

பங்குனி முடிகிற நேரத்தில் சட்டத்தரணி எங்களை நீதிமன்ற வராந்தாவுக்குக் கூப்பிட்டார். கெட்டிக்கார மனிதர். நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். தம்பி குற்றவாளி என்று ஒத்துக்கொண்டால், முதல் தடவை என்பதால் சிறைத்தண்டனையை ஒத்திவைத்துவிடுவார்கள். அன்றைக்கே வீடு. உயிர்த்த ஞாயிறுக்குப் பிள்ளை மேசையில் இருப்பான். சுற்றவாளி, அதாவது நான் செய்யவில்லை என்று சொன்னால் முழு விசாரணையும் நடக்கவேண்டும். சாரதி அகப்பட வேண்டும், சாட்சிகள் வரவேண்டும். எத்தனை தவணை, எத்தனை வருடம், யார் கண்டது?

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கள்ளனெண்டா வெளிய. கள்ளன் இல்லையெண்டா உள்ள. அப்பிடியா சேர்?"

"அப்பிடிச் சொல்ல ஏலாது அம்மா..."

"வேற எப்பிடிச் சொல்ற?"

சட்டத்தரணி என்னைப் பார்த்தார். நான் படிப்பிக்கிறவள்தானே, விளக்கட்டும் என்று நினைத்திருப்பார். குற்றத்தை ஒத்துக்கொள்வது மனந்திரும்பியதன் அடையாளம், அதற்காகத் தண்டனையைக் குறைப்பார்கள் என்று என் குறிப்பில் இருக்கிறது. செய்யாதவன் மனந்திரும்ப வழியில்லை, அதனால் அவனுக்குக் குறைக்கவும் வழியில்லை என்பது என் குறிப்பில் இல்லை. நான் வராந்தாத் தூணைப் பார்த்தேன்.

அக்கா அங்கிருந்து நேரே கோயிலுக்குப் போய் ஃபாதரைப் பிடித்தார். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று சொல்லலாமா? பொய் பாவம்தான் என்றார் ஃபாதர். ஆனால் பிள்ளையின் வாழ்க்கையையும் யோசிக்க வேண்டும் என்றார். "அவரும் லோயர் மாதிரியேதான் கதைக்கிறார்" என்று அக்கா புறுபுறுத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த சந்திப்பில் கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நாற்பது பேர், அந்தப் பக்கம் நாற்பது பேர், எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். தம்பியின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கையெல்லாம் சொறி. இரவில் படுக்க இடம் போதாமல் முறைவைத்து நித்திரை கொள்வதாக, தாய் அந்தப்பக்கம் திரும்பிய நேரத்தில், அவன் என்னிடம் மட்டும் சொன்னான். சட்டத்தரணி அவனிடமும் கதைத்திருந்தார்.

"அம்மா, நான் என்ன செய்ய? நீங்க சொல்லுங்க" என்று கத்தினான்.

"செய்யாததைச் செய்தனான் எண்டு சொல்லாத!" அக்காவும் கத்தினார். "நான் சோறு கொண்டு வருவன். எத்தினை வருசமெண்டாலும் கொண்டு வருவன்!"

அவன் தலையை மட்டும் ஆட்டினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பஸ் தரிப்பில் வைத்துப் பொரிந்து தள்ளிவிட்டேன். "அக்கா, உங்கட மானத்துக்கு உள்ள கிடந்து சொறியிறது அவன்! நீங்க வீட்டில மெத்தையில படுக்கிறீங்க!"

"அவன் உள்ள போனதில இருந்து நான் நிலத்திலதான் படுக்கிறன்" என்றார் அக்கா.

பஸ் வந்தது, ஏறினோம். அக்கா யன்னல் பக்கம், நான் இந்தப் பக்கம். வெறும் பார்சல் பை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்தது.

வழக்கு நாள் வந்தது. அக்கா வெள்ளைச் சேலை உடுத்து, செபமாலையைக் கைக்குள் பொத்திக்கொண்டு, பின்வரிசை வாங்கில் என் பக்கத்தில் இருந்தார். நடப்பதெல்லாம் சிங்களத்தில். மொழிபெயர்ப்பாளர் கூண்டுக்குக் கிட்டப் போய்த் தமிழில் கேட்டார்: "நீர் குற்றவாளியா, சுற்றவாளியா?"

தம்பி திரும்பித் தாயைத் தேடினான். கண்டுபிடித்தான். பிறகு முன்னால் திரும்பி, "குற்றவாளி" என்றான். சத்தம் தெளிவாக இருந்தது. கோயிலில் வாசகம் வாசிக்கிறவன், உச்சரிப்பில் பிழை இருக்காது.

அக்காவின் கை என் கையைப் பிடித்தது. நகம் பதிந்தது. நீதவான் ஏதோ எழுதினார். இந்த இளைஞர் தன் பிழையை உணர்ந்து வருந்துவது தெரிகிறது, அவருக்குத் திருந்த ஒரு சந்தர்ப்பம் கொடுக்கவேண்டும் என்றார். மொழிபெயர்ப்பாளர் அதையும் தமிழில் சொன்னார். எனக்குப் பச்சைப் பேனை ஞாபகம் வந்தது. இத்தனை வருடம் நான் பலகையில் எழுதிய சீர்திருத்தத்தை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஒரு பொய்யும் சொல்லத் தெரியாமல் உள்ளே போன பிள்ளை, தேவையான நேரத்தில் தேவையான பொய்யைச் சொல்லப் பழகி வெளியே வந்தான். தண்டனையை ஒத்திவைத்தார்கள்.

திரீவீல் ஆட்டோவில் மூன்று பேரும் நெருங்கிக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் அவன் குளிக்கப் போனான். அக்கா சேலையோடேயே குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். என்னை எழும்பிப் போக விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மிளகும் கொறுக்காய்ப் புளியும் மணத்தன. தவக்காலம் முடியவில்லை, குருத்தோலை ஞாயிறு வரக்கூட இன்னும் சில நாட்கள் இருந்தன.

தம்பி மேசையில் வந்து இருந்தான். சோறு, பருப்பு, கறுத்த பன்றிக் கறி. அக்கா சோற்றுக் கோப்பையை அவன் முன்னால் வைத்துவிட்டு எதிரே நின்றார். அவன் கையை வைக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறாய்? சாப்பிடன்."

"இல்லம்மா... உள்ள பார்சல் வரேக்குள்ள கறியில ஒரு மூலை குறைஞ்சிருக்கும். நீங்க வாசல்ல சாப்பிட்ட இடம். நான் அதிலயிருந்துதான் தொடங்குவன். உங்களோட சேர்ந்து சாப்பிடுற மாதிரி இருக்கும்." கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தான். "இப்ப முழுசா இருக்கு. எங்க தொடங்குற எண்டு தெரியல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். அந்த மூலைகளையெல்லாம் தின்ற வாய் என்னுடையது என்று சாட்சி சொல்ல என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் கூண்டில் ஏறவில்லை.

அக்கா மகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்து இருந்தார். கோப்பையின் ஓரத்திலிருந்து ஒரு துண்டு பன்றி இறைச்சியை எடுத்து வாயில் வைத்தார். மென்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டேயிருந்தது, துடைக்கவில்லை. விழுங்கினார். வாசலில் நின்ற காவலரைப்போல அவன் தாயின் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உப்புக் கூட" என்றார் அக்கா. "பொய் சொன்னது நீ, நேர்த்தியை முறிச்சது நான். ஞாயித்துக்கிழமைக்கு முந்தி ரெண்டு பேரும் ஃபாதரிட்டப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவம். இப்ப சாப்பிடு."

அவன் அந்த ஓரத்திலிருந்து தொடங்கினான்.